மஞ்சளாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: நாட்டு எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடியில் நாம் செய்யும் தவறுகள்

பழக்கடையில் சாத்துக்குடி வாங்கும்போது, பச்சையாகக் கிடப்பதைக் காய் என்று ஒதுக்கிவிட்டு மஞ்சள் ஏறியதைத் தேடி எடுக்கிறோம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் வாங்கினேன். தோல் மஞ்சளாக இருப்பதற்கும் சுளை இனிப்பதற்கும் நம் சமவெளியில் அவ்வளவு தொடர்பு இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. தோலில் இருக்கும் பச்சையம் கரைய வேண்டுமானால் இரவில் நல்ல குளிர் வேண்டும். நாக்பூரில் மார்கழிக் குளிரில் ஆரஞ்சு நிறம் ஏறுகிறது. அனந்தபுரத்திலும் கடப்பாவிலும் தை வெயிலுக்கு முன்பே அறுவடையாகும் சாத்துக்குடிக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. உள்ளே நன்றாகப் பழுத்த பிறகும் வெளியே பச்சையாகவே நிற்கும்.

இதைவிடப் பெரிய தவறு, காயாகப் பறித்து வைத்தால் வீட்டில் பழுத்துவிடும் என்று நம்புவது. மாம்பழமும் வாழையும் பறித்த பிறகு பழுக்கும். எலுமிச்சைக் குடும்பத்துப் பழங்களுக்கு அந்தக் குணம் கிடையாது. காம்பை விட்டுப் பிரிந்த நாளில் என்ன இனிப்பு இருந்ததோ அதுதான். வைத்திருந்தால் தோல் நிறம் மாறலாம், சாறு வற்றலாம், இனிப்பு கூடாது. சாத்துக்குடி பூத்ததிலிருந்து பழுக்க 8, 9 மாதம் பிடிக்கும். எலுமிச்சைக்கு 5, 6 மாதம் போதும். அந்த மாதங்களை மரத்திலேயே கழிக்க விடுவதுதான் ஒரே வழி.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவில் இருக்கும் இரண்டு பழங்களில் கனமானதை எடுங்கள். சொரசொரப்பாக, புள்ளிகள் குழிந்து இருந்தால் தோல் தடிப்பு; வழவழவென்று, விரலால் அழுத்தினால் சற்றே அமுங்கி மீண்டால் சாறு நிறைவு. எலுமிச்சைக்கும் இதே கணக்குத்தான். கமலா ஆரஞ்சு மட்டும் வேறு. அதன் தோல் சுளையை விட்டு லேசாகத் தளர்வது பழுத்ததற்கு அடையாளம். ஆனால் சட்டை போல முழுவதும் கழன்று உப்பியிருந்தால் உள்ளே சுளை சக்கையாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, சிறுமலை, ஏற்காடு பக்கம் கார்த்திகைக்கு மேல் போகிறவர்கள், சாலையோரக் கூடையில் பச்சையும் மஞ்சளும் கலந்து, அங்கங்கே தோலில் கறுப்பு விழுந்த சிறு பழங்களைப் பார்த்தால் தயங்காமல் வாங்குங்கள். காபிச் செடிகளுக்கு நடுவே வளர்ந்த அந்தப் பழத்தின் புளிப்பும் மணமும் மெழுகு பூசிய கடைப் பழத்தில் வராது. நோயால் நலிந்து அந்த மலைகளில் ஆரஞ்சு மரங்கள் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன என்பதால், கிடைக்கும்போதே சாப்பிட வேண்டியவை அவை.

சாறு ஏன் கசக்கிறது

காலையில் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்த சாத்துக்குடிச் சாறு மதியம் கசக்கும். பழத்தின் மீது குறை சொல்லுவோம். குறை நம்முடையது. சுளையைச் சுற்றிய சவ்விலும் விதையிலும் கசப்பே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. பிழிந்த சாற்றின் புளிப்பில் அது கலந்ததும் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. இதற்குச் சில மணி நேரம் போதும். பருவத்துக்கு முந்திப் பறித்த பழத்தில் இந்தப் பொருள் அதிகம். நன்றாகப் பழுக்கப் பழுக்கக் குறையும். ஆகவே மிக்ஸியில் விதையோடு அரைக்காதீர்கள். பிழிவானில் வெள்ளைத் தோல் கரையும் வரை அழுத்தித் திருகாதீர்கள். பிழிந்த உடனே குடித்துவிடுங்கள். நோயாளிக்கு என்று ஆஸ்பத்திரிக்குப் பாட்டிலில் சாறு கொண்டுபோவதற்குப் பதிலாக, பழத்தைக் கொண்டுபோய் அங்கே பிழிந்து கொடுப்பது நல்லது.

சூடும் கசப்பைக் கொண்டுவரும். ரசம் கொதிக்கும்போது எலுமிச்சை பிழியக் கூடாது என்று வீட்டில் சொல்வது இதனால்தான். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, ஆவி சற்று அடங்கிய பிறகு பிழிய வேண்டும். எலுமிச்சைச் சாதத்துக்கும் தாளிப்பில் சாற்றை ஊற்றிக் கொதிக்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சாதத்தை அகலத் தட்டில் ஆறவிட்டு, தாளிப்பைக் கொட்டி, கடைசியில் சாற்றைத் தெளித்துப் பிசறினால் மதியம் டப்பாவைத் திறக்கும்போதும் மணம் இருக்கும்.

பம்ளிமாஸ் சாப்பிடத் தெரியாமலே அதை வெறுத்தவர்கள் நிறையப் பேர். ஆரஞ்சைப் போலச் சுளையைச் சவ்வோடு வாயில் போட்டால் கசக்கத்தான் செய்யும். அந்தக் கசப்பு சவ்வில் இருக்கிறது. தடித்த தோலை நான்காகக் கீறி உரித்து, ஒவ்வொரு சுளையின் முதுகையும் கத்தி முனையால் கீறி, சவ்வைப் புரட்டி எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் இளஞ்சிவப்பு முத்துகளை மட்டும் உதிர்க்க வேண்டும். சிறிது உப்பு, மிளகாய்த் தூள். ஒரு பழம் நான்கு பேருக்குக் காணும். பெங்களூரு பக்கம் தேவனஹள்ளிச் சக்கோட்டாவுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. நம் ஊரில் மரம் இருக்கிற வீட்டிலும் பழம் கீழே விழுந்து அழுகுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: கிரேப்ஃப்ரூட் போலவே பம்ளிமாஸும் சில மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடக்கூடியது. கொழுப்புக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

நாரத்தங்காயில் உப்பைக் குறைப்பது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். வீட்டில் உப்பு நாரத்தங்காய் போட்டுப் பூஞ்சை பிடித்துக் கொட்டிவிட்டேன் என்று யாராவது சொன்னால், நான் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு உப்புப் போட்டீர்கள் என்பது. உடம்புக்கு ஆகாது என்று பாதியாகக் குறைத்திருப்பார்கள். இங்கே உப்பு ருசிக்காக மட்டும் இல்லை. காயைக் காப்பாற்றுவதே அதுதான். ஒரு கிலோ காய்க்கு 200 கிராம் கல் உப்பாவது வேண்டும். குறைக்க வேண்டுமானால் தட்டில் வைத்துக்கொள்ளும் துண்டைக் குறையுங்கள், ஜாடியில் குறைக்காதீர்கள்.

எங்கள் ஆச்சி நாரத்தங்காய் நறுக்குவதை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கழுவிய காயை ஒரு இரவு முழுவதும் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துவார். மறுநாள் அரிவாள்மணையில் காம்புப் பக்கத்திலிருந்து தொடங்கி, காயைச் சுற்றிக்கொண்டே வருவார். துண்டாகாது. முடிந்ததும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் சுருள் கம்பி போல நீளும். அந்தச் சுருளின் இடுக்கெல்லாம் மஞ்சள் தூள் கலந்த கல் உப்பை அடைத்து, மறுபடி காய் வடிவத்துக்கு அமுக்கி, பீங்கான் ஜாடியில் அடுக்குவார். மூன்று நாள். தினமும் காலையில் ஜாடியைக் குலுக்கிவிடுவார். நான்காம் நாள் காயில் இருந்து இறங்கிய நீரில் எல்லாக் காயும் மூழ்கிக் கிடக்கும்.

இங்கேதான் அடுத்த தவறு நடக்கிறது. அந்த நீரைக் கொட்டிவிடுகிறார்கள். காயின் சாறும் உப்பும் சேர்ந்த சத்தே அந்த நீர்தான். பகலில் காயை மட்டும் எடுத்து வெயிலில் வைக்க வேண்டும்; மாலையில் திரும்ப அதே நீரில் போட வேண்டும். மறுநாளும் அப்படியே. நாளாக நாளாகக் காய் நீரைக் குடித்துவிடும், ஜாடி வறண்டுபோகும். அதன் பிறகு இரவிலும் நீர் இல்லை, வெயில் மட்டும். மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும்போது எடுத்து வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். நாளாக நாளாகக் கறுத்து, காய்ச்சல் வாய்க்குக் கஞ்சியோடு தொட்டுக்கொள்ள அதற்கு இணையாக ஒன்றும் இல்லை.

மாதம் பார்க்காமல் தொடங்குவதும் தவறு. எலுமிச்சை மழைக்காலத்தில் குவிந்து விலை இறங்கும். கோடையில், எல்லோருக்கும் தாகம் எடுக்கும்போது ஏறும். மலிவாக இருக்கிறதே என்று சாரல் அடிக்கும் ஆடியில் வாங்கி வெயிலுக்குக் காத்திருந்தால் ஜாடியில் வெள்ளாடை படியும். தை, மாசி வெயில் ஒரு சீராக இருக்கும். அப்போது போடுங்கள். மலிவான நாளில் வாங்கியதை வேண்டுமானால் பிழிந்து, ஐஸ் தட்டில் உறையவைத்துக் கோடையில் பானகத்துக்கும் மோருக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

பாத்திரம் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியமும் பித்தளையும் ஆகாது என்பது தெரியும். எவர்சில்வரிலும் உப்பும் புளிப்பும் நாட்கணக்கில் கிடந்தால் புள்ளி விழும். பீங்கான், இல்லையென்றால் கண்ணாடி.

கிடாரங்காயை நாரத்தை என்று நினைத்து அதே போலச் செய்து பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. யாழ்ப்பாணத்தில் எலுமிச்சை தேசிக்காய், ஆரஞ்சு தோடம்பழம். ஆகவே பெயரை நம்பாமல் காயைக் கீறி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசப்பு தூக்கலாக இருந்தால் பொடியாக நறுக்கி இரண்டு மூன்று நாள் உப்பில் ஊறவைத்து, பிறகு மிளகாய்த் தூள், வெந்தயத் தூள், ஒரு துண்டு வெல்லம் சேர்த்து, ஆறிய நல்லெண்ணெய்த் தாளிப்பை ஊற்றுங்கள். அவசரப்பட்டு அன்றே எண்ணெயில் வதக்கினால் கசப்பு அப்படியே நிற்கும்.

நாரத்தையில் காயை மட்டும் பார்த்துவிட்டு இலையை மறப்பது இன்னொரு இழப்பு. வேப்பிலைக்கட்டி என்ற பெயரைப் பார்த்து வேப்பிலை போட்டு அரைத்தவர் எனக்குத் தெரிந்தே இருக்கிறார். அதில் வேப்பிலை கிடையாது. நாரத்தைக் கொழுந்தும் எலுமிச்சைக் கொழுந்தும்தான். முற்றிய இலை நாராக நிற்கும். கொழுந்திலும் நடுநரம்பை உருவிவிட வேண்டும். வற்றல் மிளகாய், உப்பு, பெருங்காயம், ஓமம் சேர்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இடித்து உருட்டினால் மோர் சாதத்துக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

கையில் சாறு, தலைக்கு மேல் வெயில்

மொட்டை மாடியில் எலுமிச்சை பிழிந்த கையோடு வற்றலைப் பரப்பிவிட்டு வருகிறோம். இரண்டு நாள் கழித்து விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் எரிச்சல், சில சமயம் கொப்புளம், பிறகு வாரக்கணக்கில் போகாத கருந்திட்டு. சாற்றிலும் தோலெண்ணெயிலும் இருக்கும் சில பொருட்கள் சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டதும் சருமத்தைச் சுட்டுவிடுகின்றன. முகம் வெளுக்கும் என்று எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெளியே போகும் பெண் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெயிலுக்குப் போக வேண்டும். எலுமிச்சைத் தண்ணீர் குடித்த உடனே பல் துலக்குவதும் வேண்டாம்; புளிப்பில் இளகியிருக்கும் எனாமலைப் பிரஷ் தேய்த்துவிடும். வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

வீட்டு மரத்தில்

அடிமரத்தைச் சுற்றிக் குழி பறித்து அதில் தண்ணீர் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்வது. எலுமிச்சை இனத்துக்கு அடிமரம் நனைந்துகொண்டே இருந்தால் பட்டை அழுகிப் பிசின் வடியும். அடியில் மண்ணை மேடாக அணைத்து, ஒரு முழம் தள்ளி வட்டமாக வாய்க்கால் எடுத்துத் தண்ணீர் விடுங்கள். வேர்கள் மேலாகவே ஓடுபவை. மண்வெட்டியால் ஆழக் கொத்தாதீர்கள்.

கறிவேப்பிலையை எலுமிச்சைக்குப் பக்கத்திலேயே நடுகிறோம், சமையலறைக்கு இரண்டும் அருகில் வேண்டும் என்று. இரண்டும் ஒரே குடும்பம். எலுமிச்சை இனத்தில் மரத்தை நலியவைக்கும் ‘பசுமை நோய்’ என்ற நோயைப் பரப்பும் சிறு சாறுண்ணிப் பூச்சி கறிவேப்பிலைக் கொழுந்திலும் பெருகும். முடிந்த அளவு தள்ளி நடுங்கள். கொழுந்தில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தால் அது எச்சம் இல்லை, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாக மாறி ஒரு வாரத்தில் சின்னக் கன்றை மொட்டையடித்துவிடும். மருந்து வேண்டாம், விரலால் எடுத்துவிட்டால் போதும். பெரிய மரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். மரம் தாங்கும், வண்ணத்துப்பூச்சியும் வாழட்டும்.

எலுமிச்சையை விதையிலிருந்தே வளர்க்கலாம். பெரும்பாலும் தாய்மரத்தின் குணமே வரும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 கன்று கிடைத்தால் இன்னும் நல்லது. சாத்துக்குடிக்கு ஒட்டுக்கன்றுதான். எங்கள் புறவாசலில் அப்படி ஒரு ஒட்டுக்கன்று வாங்கி வைத்தோம். செழிப்பாக வளர வேண்டும் என்று ஒட்டிய இடம் மூடும்படி மண் அணைத்து நட்டுவிட்டோம். இரண்டாம் வருடம் அடியிலிருந்து முள்ளோடு ஒரு தளிர் கிளம்பியது. எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று மகிழ்ந்தோம். அது அடிக்கட்டையாக வைத்திருந்த ரங்பூர் எலுமிச்சையின் தளிர். மேலே இருந்த சாத்துக்குடிக் கிளை சோர்ந்து காய்ந்துபோனது. ஐந்தாம் வருடம் காய்த்த பழங்கள் சின்னதாக, நல்ல ஆரஞ்சு நிறமாக, வாயில் வைக்க முடியாத புளிப்பாக இருந்தன. அதை நாங்கள் வெட்டவில்லை. மாசியில் அதன் பழங்கள் ஊறுகாய் ஜாடிக்குப் போகின்றன. பக்கத்தில் போன ஐப்பசியில் வைத்த புதுக் கன்றில் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தெளிவாகத் தெரிகிறது. அதற்குக் கீழே முளைக்கும் தளிரை வாரம் ஒரு முறை குனிந்து பார்த்துக் கிள்ளிவிடுகிறேன்.