கரியமில வாயுவைப் பாறைக்குள் செலுத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரியமில வாயுவைக் காற்றில் விடாமல் நிலத்தடி மணற்கல்லில் சேமிக்கும்போது, அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்று மட்டும் கணக்குப் போடுவதுதான் பெரிய தவறு. அதன் நுண்துளைகள் காலியாக இல்லை, உவர்நீர் நிரம்பியிருக்கிறது. வாயு நுழைய வேண்டுமானால் அந்த நீர் விலக வேண்டும். விலக வழியில்லாவிட்டால் அழுத்தம் ஏறும், கடைசியில் பாறை விரிசல் விடும்.

நார்வேயின் ஸ்லைப்னர் கடல் எரிவாயு வயலில் 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் உள்ளே போனது. அங்குள்ள உட்சிரா மணற்கல் பரந்தது, நீரை எளிதில் விடுவது. அழுத்தம் பெரிதாக ஏறவில்லை. அதே நாட்டின் ஸ்னோவிட் எரிவாயு வயலில் 2008-ல் தொடங்கியபோது, பாறை துண்டுதுண்டாக அடைபட்டிருந்ததால் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. 2011-ல் மேலே இருந்த வேறு அடுக்குக்கு மாற வேண்டிவந்தது. ஆகவே முதலில் சோதனைக் கிணற்றில் நீரைப் படிப்படியாக வேகம் கூட்டிச் செலுத்தி, பாறை எந்த அழுத்தத்தில் விரிசல் விடுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அதில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி, நல்ல விதி.

நீரை வெளியே எடுத்து அழுத்தத்தைக் குறைக்கலாம். ஆனால் ஆஸ்திரேலியாவின் கோர்கன் எரிவாயுத் திட்டத்தில் அதற்கான கிணறுகளையே மணல் அடைத்தது. மணல் தடுக்கும் சல்லடையைத் தொடக்கத்திலேயே திட்டமிடுங்கள்.

ஆழம் 800 மீட்டருக்குக் குறையக் கூடாது. அவ்வளவு ஆழத்தில்தான் வெப்பம் 31 டிகிரி செல்சியஸையும் அழுத்தம் 74 பாரையும் (பார் என்பது அழுத்த அலகு) தாண்டும்; தாண்டினால்தான் வாயு திரவம்போல அடர்ந்து குறைந்த இடத்தில் அடங்கும்.

வாயுவில் ஈரம் இருந்தால் கார்பானிக் அமிலமாகிக் குழாயை அரிக்கும். உலர்த்தித்தான் அனுப்ப வேண்டும். உலர்ந்த வாயுவோ கிணற்றோரத்து உவர்நீரை உறிஞ்சி, உப்பைத் துளைகளில் படியவிடும். செலுத்தும் அழுத்தம் திடீரென ஏறினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஸ்னோவிட்டில் கிளைக்கால் (glycol) என்ற உறைதடுப்புத் திரவம் கலந்த நீரை அவ்வப்போது விட்டு உப்பைக் கரைத்தார்கள்.

பழைய கிணறுகளை மறப்பது ஆபத்து. அல்ஜீரியாவின் இன் சாலா எரிவாயு வயலில் பழைய ஆய்வுக் கிணறு ஒன்றின் வழியாகத்தான் வாயு கசிந்தது. அங்கே தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வதைச் செயற்கைக்கோள் ரேடார் காட்டியது. வாயு மேலே வராமல் தடுக்கும் மூடுபாறை குறித்த கவலையால் 2011-ல் செலுத்துவதை நிறுத்தினார்கள்.

செலுத்தும் முன்பே நில அதிர்வலைப் படம் (அதிர்வலைகளை அனுப்பி நிலத்தடியைக் காட்டும் படம்) எடுத்துவையுங்கள். ஸ்லைப்னரில் 1994-ல் எடுத்த படம் இருந்ததால்தான், இடையிலிருந்த மெல்லிய களிப்பாறைகளைக் கடந்து வாயு 1999-க்குள் மணற்கல்லின் உச்சிக்கே ஏறிவிட்டது தெரிந்தது.