மொட்டை மாடியில் பரங்கிக்கொடி: விதை முதல் காய் வரை

முதல் தடவை பரங்கி போட்டபோது மாடி முழுக்கக் கொடி, கொடி முழுக்கப் பூ. காய் மட்டும் ஒன்றுகூட இல்லை. நெல்லிக்காய் அளவுக்குப் பிஞ்சு வரும். நாலு நாளில் மஞ்சளாகிச் சுருங்கும். தொட்டால் கையோடு வந்துவிடும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு பிடி வைத்தேன். இலை தாம்பாளம் மாதிரி விரிந்ததே தவிர, பிஞ்சு நிற்கவில்லை. கோளாறு மண்ணில் இல்லை, நான் எழுந்திருக்கும் நேரத்தில் இருந்தது. அது புரிவதற்குள் ஒரு பட்டம், அதாவது ஒரு விதைப்புப் பருவம், வீணாகிவிட்டது. அந்த விஷயம் ஐந்தாவது படியில் வருகிறது. அவசரமாகப் படிப்பவர்கள் அதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

சென்னையில் பூசணி என்று கேட்டால் சில கடைகளில் திருஷ்டி சுற்றும் வெள்ளைப் பூசணியை எடுத்துக் கொடுப்பார்கள். அது வேறு செடி. நாம் வளர்க்கப்போவது சாம்பாரில் போடுகிற மஞ்சள் பூசணி, அதாவது பரங்கிக்காய். கோவைப் பக்கத்தில் அரசாணிக்காய் என்பார்கள்.

1. எப்போது விதைப்பது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பொய்யில்லை. ஆனால் சென்னையில் ஆடியில் போட்டால், காய் பெருக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். மகரந்தம் நனைந்துவிடும், தேனீ வராது, பிஞ்சு அழுகும். எனக்குச் சரிப்பட்டு வந்தது தைப்பட்டம்தான். பொங்கல் முடிந்த வாரம் விதைத்தால் மார்ச்சில் பூ, ஏப்ரல் கடைசிவாக்கில் காய். மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் பெரும்பாலான வேலை முடிந்திருக்கும். வெயில் ஏறிவிட்டால் ஆண் பூதான் அதிகமாக வரும். அதனால் பிப்ரவரி கடைசியில் ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

2. விதை

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகம் மாடிக்கு நல்லது. காய் ஒன்றரை முதல் இரண்டு கிலோதான் வரும். கோ 1 காய் ஏழெட்டுக் கிலோ தேறும். அதைத் தரையில் இடம் இருப்பவர்கள் போடட்டும். சமைக்க வாங்கிய பரங்கியின் விதையும் முளைக்கும். ஆனால் அது வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அதே மாதிரி காய் வரும் என்று நம்ப முடியாது.

விதையை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் ஒரு அங்குல ஆழத்தில் படுக்கவைத்து மூடுங்கள். நேராகப் பெரிய பையிலேயே ஊன்றிவிடுவது நல்லது. பரங்கி நாற்றுக்கு வேர் அசைந்தால் பிடிக்காது. ஒரு பைக்கு மூன்று விதை போடலாம். ஒரு வாரத்துக்குள் முளை வரும். திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பிடுங்காமல் கத்தரித்துவிடுங்கள்.

3. பையும் மண்ணும்

வளர்ப்புப் பை 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 24 என்றால் உத்தமம். கத்தரிக்காய் வைத்த பழைய பையில் பரங்கியை வைத்தால் கொடி வரும், காய் வராது. செம்மண் இரண்டு பங்கு, தேங்காய் நார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய சாணமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, பைக்கு இரண்டு பிடி வேப்பம் புண்ணாக்கு. கலந்து ஒரு வாரம் ஈரமாக வைத்திருந்துவிட்டு விதையுங்கள். நிரப்பும் முன்பே இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். நனைந்த பையை அப்புறம் நகர்த்த முடியாது. குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் விழ வேண்டும். பைக்கு அடியில் செங்கல் வைத்தால் தண்ணீர் வடியும், தளமும் பாழாகாது.

4. தண்ணீரும் கொடியும்

எங்கள் வீடு திருவான்மியூரில். போர் தண்ணீர் உப்பு. பையின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்தால் அது உப்பு படிவதுதான். அந்த மாதிரி இடத்தில் மெட்ரோ தண்ணீரோ அரிசி கழுவிய தண்ணீரோ பார்த்துக் கொடுங்கள். ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றினால் போதும். மார்ச்சுக்குப் பிறகு தினமும் தேவைப்படும். மத்தியான வெயிலில் இலை துவண்டு தொங்குவதைப் பார்த்து பயப்படாதீர்கள், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். சாயங்காலமும் துவண்டிருந்தால்தான் கவலை.

கொடியைப் பந்தலில் ஏற்றலாம், தரையிலும் விடலாம். வெறும் தளத்தில் படரவிட்டால் சூடு தாங்காமல் பிஞ்சு வெந்துவிடும், அடியில் தென்னை ஓலை விரியுங்கள். நுனி கிள்ளும் ‘த்ரீ ஜி கட்டிங்’ செய்தால் பெண் பூ குவியும் என்று பலர் சொல்கிறார்கள். ஒரு தடவை கிள்ளுவதில் தப்பில்லை. எனக்குக் கிடைத்த லாபம், கொடி பக்கத்து வீட்டு மாடிக்குப் போகாமல் இருந்ததுதான்.

5. விடியற்காலை வேலை

பரங்கியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. விதைத்து நாற்பது நாள் வாக்கில் முதலில் ஆண் பூக்கள் வரும், பெண் பூ பிறகுதான் வரும். மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டையில் செருக எங்கள் பாட்டி பூப் பறிக்கும்போது, நீளக் காம்புள்ள பூவை மட்டும்தான் கிள்ளுவார். காம்பு குட்டையாக, பூவுக்கு அடியில் கோலி மாதிரி உருண்டை உள்ளதைத் தொட விடமாட்டார். அந்தக் கோலிதான் பிஞ்சு.

பூ விடியலில் விரிந்து ஒன்பது, பத்து மணிக்குள் மூடிக்கொள்ளும். அதற்குள் தேனீ வர வேண்டும். மூன்றாவது மாடிக்கு எத்தனை தேனீ வரும்? நான் எட்டரைக்கு மேல் காபியோடு மாடிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், பாதிப் பூ சுருண்டிருக்கும்.

ஆகவே முதல் நாள் மாலையே பாருங்கள். மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனி மஞ்சள் தட்டியிருக்கும். காலை ஆறரைக்குப் போய் ஒரு ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழை உரித்துவிடுங்கள். நடுவில் ஒரு தண்டு நிற்கும். விரலால் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். பெண் பூவின் நடுவே மூன்று பிரிவாகப் பிசுபிசுப்பான மேடு இருக்கும். தண்டை அதன் எல்லாப் பக்கமும் படுகிற மாதிரி மெதுவாகத் தடவுங்கள். வேலை அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட ஆகாது. காம்பில் நூல் கட்டி, தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெண் பூ விரிந்த நாளில் ஆண் பூ இல்லாமலும் போகும். எனக்கு அப்படி ஆனபோது, பின் தெருவில் பரங்கி வளர்க்கும் அக்காவுக்கு போன் போட்டேன். டிபன் பாக்ஸில் இரண்டு பூ வந்தது.

6. காய் நின்ற பிறகு

ஐந்தாறு நாளில் பிஞ்சு பெருத்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பைக்கு இரண்டு காய் போதும், ஆசைப்படாதீர்கள். பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து வேரில் ஊற்றுங்கள். பந்தலில் தொங்கும் காய்க்குப் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் தூளி கட்டுங்கள். கடற்காற்று அடிக்கும்போது காய் அதில் ஆடுவதைப் பார்க்க வேண்டுமே!

இலையைச் சல்லடையாக்கும் சிவப்பு வண்டைக் காலையில், அது மந்தமாக இருக்கும்போது, கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பழ ஈ பிஞ்சில் முட்டை வைத்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பிஞ்சு நின்றதும் மெல்லிய துணிப் பை மாட்டிவிடுங்கள். இலையில் மாவு தூவியது போல வெள்ளை படிந்தால் புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். கந்தகத் தூள் வேண்டாம், பரங்கி இலை கருகும்.

7. பறிப்பது

நூல் கட்டி நாற்பது நாள் ஆனதும் காம்பைப் பாருங்கள். பச்சை போய், காய்ந்த கட்டை மாதிரி ஆகியிருக்க வேண்டும். தோலில் நகம் இறங்கக் கூடாது. இரண்டு அங்குலக் காம்போடு வெட்டுங்கள், காம்பு ஒடிந்தால் அங்கிருந்து அழுகும். பத்து நாள் நிழலில் வைத்தால் இனிப்பு கூடும். முழுதாக இருந்தால் மாதக்கணக்கில் கெடாது, கீறிவிட்டால் நாலைந்து நாள்தான். அதனால் எங்கள் வீட்டில் முதல் காயை நறுக்கியதும் பாதியைப் புளிக்கூட்டுக்கு எடுத்துக்கொண்டு, மீதிப் பாதியைப் பின் தெருவுக்குக் கொடுத்தனுப்பினோம். டிபன் பாக்ஸையும் அதோடு திருப்பிக் கொடுத்தாயிற்று.