பந்தை விட்டுக் கண்ணை எடுங்கள்: கூடைப்பந்தை அரங்கில் பார்ப்பது எப்படி

2016 டிசம்பர் 5 அன்று கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் கிளே தாம்ப்சன், இந்தியானா பேசர்ஸுக்கு எதிராக 60 புள்ளிகள் எடுத்தார். களத்தில் இருந்தது 29 நிமிடம். அதில் பந்து அவர் கையில் இருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 90 விநாடிதான். பந்தைத் தரையில் தட்டியது மொத்தமே 11 முறை. மற்ற நேரமெல்லாம் ஓடினார், நின்றார், திரும்பினார், தன்னைக் காக்க வந்தவரை இன்னொருவர் தோளில் மோத வைத்துவிட்டு நழுவினார். பந்து வந்து சேர்ந்தபோது எறிவதைத் தவிர அவருக்கு வேறு வேலை மிச்சமிருக்கவில்லை.

இந்த ஓட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க முடியாது. கேமரா பந்தைத் துரத்துகிறது. நாமும் கேமராவைத் துரத்துகிறோம். அரங்கில் உட்கார்ந்தால்தான் எங்கே பார்ப்பது என்பது நம் கைக்கு வருகிறது. டிக்கெட் வாங்கி, பயணம் செய்து, கூட்டத்தில் நெருக்குண்டு போவதற்கு என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் காரணம். கல்லூரியில் கார்ட் இடத்தில், அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் இடத்தில், ஆடியவள் நான். ஆட்டத்தின் பாதி பந்து இல்லாத இடத்தில் நடக்கிறது என்பது காலுக்கே தெரியும். இருக்கை, நேரம், பார்வை, சத்தம் பற்றி நான் சொல்லப்போவதெல்லாம் அதிலிருந்து வருபவை.

முதலில் எந்த ஆட்டம் என்பது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் ஒவ்வொரு அணிக்கும் வழக்கமான பருவத்தில் 82 ஆட்டங்கள்; சரிபாதி சொந்த அரங்கில். நட்சத்திர அணி வரும் சனிக்கிழமைக்குத்தான் எல்லோரும் முண்டியடிப்பார்கள், விலையும் ஏறும். வார நடுவில், பெயர் அதிகம் அடிபடாத எதிரணியோடு நடக்கும் ஆட்டத்துக்குப் போங்கள் என்பேன். நல்ல இருக்கை கிடைக்கும், ஆட்டத்தின் தரமும் குறையாது. வாங்குவதற்கு முன் அட்டவணையில் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் அணியோ எதிரணியோ முந்தைய இரவும் ஆடியிருக்கிறதா? அடுத்தடுத்த இரண்டு நாள் ஆட வேண்டி வந்தால், முக்கிய ஆட்டக்காரர் ஒருவருக்கு ஓய்வு கொடுக்க வாய்ப்பு அதிகம். அணிகள் காயப் பட்டியலை முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்பது விதி. கிளம்புமுன் அதைப் பார்த்துவிட்டால், ஒருவரைப் பார்க்க ஆசைப்பட்டுப் போய் அவர் கோட்டு போட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைக் காண நேராது.

இருக்கை விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. களத்தை ஒட்டிய முதல் வரிசை, பணம் இருந்தாலும் முதல் தேர்வாக இருக்கக்கூடாது. அங்கிருந்து வியர்வையும் வேகமும் தெரியும்; ஆட்டம் தெரியாது. பத்துப் பேரின் உடல்கள் ஒன்றையொன்று மறைக்கும், நடுவர் குறுக்கே நிற்பார், பயிற்சியாளர் எழுந்தால் பாதிக் களம் போய்விடும். யாருக்கும் யாருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதுதான் இன்றைய கூடைப்பந்தின் உயிர். என்பிஏ களத்தின் நீளம் 94 அடி, அகலம் 50 அடி. வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடு, வளையத்துக்கு நேர் எதிரே 23 அடி 9 அங்குல தூரத்தில் இருக்கிறது. மூலைகளில் மட்டும் 22 அடி. அந்த ஒன்றே முக்கால் அடிச் சலுகைக்காகத்தான் ஒருவர் எப்போதும் மூலையில் போய் நின்று தன் காவலரையும் அங்கேயே கட்டிப்போடுகிறார். இந்த வரைபடம் கண்ணில் விழ உயரம் வேண்டும். கீழ்த்தட்டின் மூலைப் பகுதியில் நடு வரிசைகள், அது கிடைக்காவிட்டால் மேல்தட்டின் முதல் சில வரிசைகளில் களத்தின் நடுப்பகுதி: இவை இரண்டும்தான் என் தேர்வு. மூலையிலிருந்து பார்க்கும்போது களம் சாய்வாக விரியும். யார் எந்த இடத்தைக் காலி செய்கிறார், யார் அங்கே நுழைகிறார் என்பது ஒரே பார்வையில் அடங்கும். கூடைக்குப் பின்னால் மலிவாகக் கிடைத்தால் அதையும் ஒதுக்காதீர்கள். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறுவதால், ஒரு பாதியில் உங்கள் அணியின் தாக்குதலும் மறு பாதியில் அதன் தடுப்பாட்டமும் உங்கள் முகத்துக்கு நேரே நடக்கும்.

டிக்கெட் பெரும்பாலும் கைப்பேசியில்தான் வருகிறது. வாசலில் இணைய இணைப்பு திணறும். வீட்டிலேயே திறந்து சேமித்து வையுங்கள். பைகளுக்கும் பெரிய கேமரா லென்ஸுகளுக்கும் ஒவ்வோர் அரங்கமும் தனித்தனி அளவு வைத்திருக்கிறது, அதைப் படித்துவிட்டுப் போங்கள். குழந்தையை அழைத்துச் சென்றால் காதை மூடும் கருவி கட்டாயம்.

கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள். ஆட்டத்துக்கு முந்தைய அந்த நேரத்தில் ஆட்டக்காரர்கள் தனித்தனியாக எறிந்து பார்ப்பார்கள். வாரியர்ஸ் அணியின் ஸ்டீபன் கரியின் ஒத்திகையைப் பார்ப்பதற்காகவே கூட்டம் சீக்கிரம் வருவது பல அரங்கங்களில் வழக்கம். இரண்டு கைகளாலும் இரண்டு பந்துகளைத் தட்டிக்கொண்டு தொடங்குவார். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது பெயர் பெற்றவரை மட்டுமல்ல. எட்டாவது, ஒன்பதாவது ஆளாகக் களமிறங்கும், தூரத்திலிருந்து எறிவதில் தேர்ந்த ஒரு ஷூட்டரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய கால்களை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். உதவிப் பயிற்சியாளர் ஒருவர் ஸ்க்ரீன் கொடுப்பவராக, அதாவது காவலரின் வழியை உடலால் மறிப்பவராக, அசையாமல் நிற்பார். ஷூட்டர் அவரை உரசியபடி வளைந்து வருவார். பந்து காற்றில் வரும்போதே உள்கால் தரையில் பதியும், அடுத்த கால் அதன் பக்கத்தில் வந்து சேரும், இடுப்பு வளையத்தை நோக்கித் திரும்பியிருக்கும். பிடித்ததும் கை மேலே போய்விடும். அதே இடம், அதே வளைவு, திரும்பத் திரும்ப. இரண்டு மணி நேரம் கழித்து ஆட்டத்தின் நெருக்கடியில் அவர் அதே வளைவில் ஓடத் தொடங்கும்போது, பந்து அவரிடம் வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த அரை விநாடி இன்பத்தை எந்த மறு ஒளிபரப்பும் தராது.

ஆட்டம் தொடங்கியதும் என் தங்கையும் நானும் வேலையைப் பிரித்துக்கொள்வோம். அவள் பந்தைப் பார்ப்பாள். நான் ஒரு கால்பகுதி முழுக்க ஒரே ஒரு தடுப்பாட்டக்காரரைப் பார்ப்பேன். “அக்கா, இப்போது அவன் எப்படித் தனியாக நின்றான்?” என்று அவள் கேட்கும் இடத்துக்கெல்லாம் விடை என் பக்கத்தில்தான் இருக்கும். தன் ஆளைத் துரத்தும் தடுப்பாட்டக்காரர் ஒரு கையை அந்த ஆளின் இடுப்பருகே வைத்துக்கொண்டே, தலையை மட்டும் பந்தின் பக்கம் திருப்புவார். அந்தத் தலை திரும்பும் கணத்தில்தான் எதிராளி பின்பக்கமாக வெட்டிக் கூடைக்கு ஓடுகிறார். டென்வர் அணியின் நிகோலா யோகிச் பந்தோடு நிற்கும்போது அவரைப் பார்க்காமல் அவருடைய சகாக்களைப் பாருங்கள். அவர் பாஸ் எங்கே போகப்போகிறது என்பதை அவர்களுடைய ஓட்டம் சொல்லிவிடும். கரி பந்தைக் கொடுத்த பிறகுதான் இன்னும் அபாயமானவர். இரண்டு பேர் பதறிக்கொண்டு அவர் பின்னால் ஓடுவதால், கூடைக்கு அடியில் வேறொருவர் தனித்து நிற்பார்.

முதல் தடவை போகிறவர் பத்துப் பேரையும் பார்க்க முயன்றால் தலை சுற்றும். முதல் கால்பகுதியில் பந்தை, இரண்டாவதில் ஒரு ஷூட்டரை, மூன்றாவதில் அவரைக் காப்பவரை என்று வைத்துக்கொள்ளலாம். நான்காவதில் மனம் போனபடி.

பின்பலகைக்கு மேலே ஓடும் கடிகாரத்தை அடிக்கடி பாருங்கள். 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி உண்மையில் இருக்கையில் இருப்பவர்களுக்காகப் பிறந்தது. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி பந்தை விடாமல் வைத்திருந்தே மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று வென்றது. இப்படியே போனால் யார் வருவார்கள்? சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் கணக்குப் போட்டார்: விறுவிறுப்பான ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து 120 முறை எறிகின்றன; 48 நிமிடம் என்பது 2,880 விநாடி; வகுத்தால் 24. 1954இல் அது விதியானது. கால்பகுதி முடிய 35 விநாடி போல இருக்கும்போது ஒரு கார்ட் திடீரென்று வேகமெடுத்து அவசரமாக எறிவதைப் பார்ப்பீர்கள். அது பதற்றம் அல்ல, கணக்கு. இப்போது எறிந்துவிட்டால் எதிரணி தன் 24 விநாடியை முழுதும் எடுத்துக்கொண்டாலும் கடைசியில் பந்து மறுபடி இவர்களிடம் வரும். கால்பகுதி முடிந்ததைச் சொல்லும் சங்கொலி இரைச்சலில் கேட்காவிட்டால், பின்பலகையைச் சுற்றி எரியும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அது எரிந்த பிறகு கையை விட்டுப் போன பந்து செல்லாது.

சத்தம் போடுவதற்கும் முறை உண்டு. நம் அணி தாக்கும்போது அடங்கி இருக்க வேண்டும். தடுக்கும்போதுதான் தொண்டையைத் திறக்க வேண்டும். காரணம் எளிது. எதிரணி கார்ட் வியூகத்தின் பெயரைக் கத்திச் சொல்கிறார். அது சகாக்கள் காதில் விழாவிட்டால் விரல்களைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கும், அதற்குள் ஓரிரு விநாடி கரைந்துவிடும். எதிரணியின் ஃப்ரீ த்ரோவுக்கு, அதாவது தவறுக்கு ஈடாக யாரும் தடுக்காமல் நின்று எறியும் எறிவுக்கு, கூச்சலும் கையசைப்பும். நம்மவர் நின்றால் நிசப்தம். 2024இல் திறந்த கிளிப்பர்ஸ் அணியின் இன்ட்யூட் டோம் அரங்கில் ஒரு கூடைக்குப் பின்னால் 51 வரிசைகளை இடைவெளியே இல்லாமல் அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். எதிராளி நின்று எறியும்போது அவர் கண்ணெதிரே மனிதச் சுவர் அலையடிக்க வேண்டும் என்பதற்காகவே.

இந்த ஆவேசத்துக்கு எல்லையும் இருக்கிறது. ஆட்டத்தைக் கிண்டல் செய்யுங்கள், ஆளின் குடும்பத்தையோ நிறத்தையோ தொடாதீர்கள். களத்துக்குள் ஒரு பொருளும் போகக்கூடாது. 2004 நவம்பர் 19 அன்று டெட்ராய்ட் அருகே ஆபர்ன் ஹில்ஸில், ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது, பார்வையாளர் எறிந்த ஒரு பானக் கோப்பை பேசர்ஸ் ஆட்டக்காரர் மீது விழுந்தது. அதிலிருந்து அடிதடி பார்வையாளர் இருக்கைகள் வரை பரவியது, அந்த ஆட்டக்காரர் அந்தப் பருவத்தின் மீதி முழுக்க விலக்கிவைக்கப்பட்டார், பார்வையாளர்கள் சிலர் மீது வழக்கும் பாய்ந்தது. பந்து உங்கள் மடியில் வந்து விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இங்கே அதை வீட்டுக்கு எடுத்துப் போகும் வழக்கம் இல்லை. எழுந்து போக வேண்டுமானால் பந்து நிற்கும் வரை காத்திருங்கள். பின்னால் இருப்பவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார்.

டைம் அவுட்டில் நடனமும் விளையாட்டும் நடக்கும், பெரிய திரை கண்ணை இழுக்கும். ஒரு முறையாவது பெஞ்சைப் பாருங்கள். பயிற்சியாளர் சிறிய பலகையில் கிறுக்குவதை யார் கவனிக்கிறார்கள், யார் விலகி நிற்கிறார்கள் என்பதில் அணியின் நிலை தெரிந்துவிடும்.

முன்னதாகக் கிளம்பாதீர்கள். வாகன நெரிசலுக்குப் பயந்து எழுபவர்களுக்கு நான் எப்போதும் 2013 ஜூன் 18ஐ நினைவூட்டுவேன். இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம். 28 விநாடி இருக்க மயாமி ஹீட் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தது. சான் அன்டோனியோவின் கொண்டாட்டத்துக்காகக் களத்தைச் சுற்றி மஞ்சள் கயிறுகூட வந்துவிட்டது. உள்ளூர் ரசிகர்கள் பலர் வெளியேறினார்கள். பிறகு வித்தியாசம் மூன்று புள்ளியாகக் குறைந்தது. மயாமியின் கிறிஸ் பாஷ் ரீபவுண்டை, அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை, பிடித்தபோது சகா ரே ஆலன் குனிந்து மூன்று புள்ளிக் கோட்டைப் பார்க்காமலே பின்னோக்கி அடிவைத்து மூலைக்குப் போய்விட்டார். பந்து வந்தது, எறிந்தார், 5.2 விநாடி மிச்சமிருக்க ஆட்டம் 95-95. கூடுதல் நேரத்தில் மயாமி 103-100 என்று வென்றது. வெளியே போனவர்கள் கதவைத் தட்டியும் உள்ளே விடப்படவில்லை.

சங்கொலிக்குப் பிறகு பத்து நிமிடம் இருக்கையிலேயே இருங்கள். படிக்கட்டுக் கூட்டம் வடிந்துவிடும். அந்த நேரத்தில் கைப்பேசியில் புள்ளிப் பட்டியலைத் திறந்து, நீங்கள் கவனித்த ஆட்டக்காரரின் வரியைப் படியுங்கள். நான்கே புள்ளி எடுத்தவராக அவர் அதில் இருக்கலாம். அவர் யாரை எங்கே இழுத்துக்கொண்டு போனார் என்பது உங்களுக்குத் தெரியும். கூட வந்தவரிடம் அதைச் சொல்லுங்கள், அவர் பார்த்ததையும் கேளுங்கள்.