நூல் மில்லுக்குக் கடன் கொடுக்கலாமா? படிப்படியாகக் கணக்குப் போடுவோம்

கம்பெனிக் கடன் ஃபைலைக் கையில் எடுக்கும் புதியவர்களின் கண் முதலில் லாபத்தின் மேல்தான் போகும். ஆனால் தவணை கட்ட ரொக்கம் வேண்டும். அதனால் பணம் எங்கே நிற்கிறது என்று தேடிப் பழகுங்கள்.

ஒரு கற்பனை நூல் மில்லை எடுத்துக்கொள்வோம். பங்குச்சந்தையில் இல்லாத தனியார் கம்பெனி. ஆண்டு விற்பனை 100 கோடி ரூபாய், நிகர லாபம் 4 கோடி, தேய்மானம் 3 கோடி. டேர்ம் லோனுக்கு (தவணை முறையில் அடைக்கும் கடன்) இந்த ஆண்டு வட்டி 2 கோடி, அசல் 4 கோடி.

படி 1: கட்டும் திறன்

வங்கியில் இதை டிஎஸ்சிஆர் என்போம், அதாவது கட்ட வேண்டிய வட்டி, அசலைப் போல் எத்தனை மடங்கு பணம் வருகிறது என்ற விகிதம். லாபம், தேய்மானம், வட்டி மூன்றையும் கூட்டினால் 9 கோடி. கட்ட வேண்டியது 6 கோடி. வகுத்தால் 1.5. தேய்மானம் ஏட்டில் மட்டும் கழித்த செலவு என்பதால்தான் அதைத் திரும்பக் கூட்டுகிறோம். 1-க்குக் கீழே போனால் கவலை, 1.5 நல்ல எண்.

படி 2: ரொக்கம்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். போன ஆண்டு பேலன்ஸ் ஷீட்டையும் பக்கத்தில் விரித்து வையுங்கள். வாடிக்கையாளர் பாக்கி 10 கோடியிலிருந்து 18 கோடி ஆகியிருக்கிறது. பஞ்சும் நூலுமாகக் கையிருப்பு 3 கோடி கூடியிருக்கிறது. பஞ்சு வியாபாரிகளுக்குத் தர வேண்டியது 1 கோடிதான் கூடியது. லாபமும் தேய்மானமும் சேர்ந்த 7 கோடியில், பாக்கியில் சிக்கிய 8-ஐயும் கையிருப்பில் முடங்கிய 3-ஐயும் கழித்து, வியாபாரிகளுக்கு இன்னும் கொடுக்காத 1-ஐக் கூட்டுங்கள்: மைனஸ் 3 கோடி. அதற்கு மேல் அசல் 4 கோடி. ஆக 7 கோடி துண்டு விழுகிறது.

அப்படியென்றால் தவணையை எப்படிக் கட்டினார்கள்? கேஷ் கிரெடிட் கணக்கைப் (அன்றாடத் தேவைக்கு ஒரு வரம்பு வரை எடுத்துக்கொள்ளும் வங்கிக் கடன்) பாருங்கள், பெரும்பாலும் விடை அங்கே இருக்கும். ஒரு கடனை வாங்கி இன்னொரு கடனை அடைத்திருப்பார்கள். படி 1-இல் வந்த 1.5 இதைக் காட்டவே இல்லை.

படி 3: ஸ்கோர்

நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஆல்ட்மன் 1968-இல் 66 அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களை வைத்து, கம்பெனி திவாலாகும் ஆபத்தை ஒரே எண்ணில் காட்டும் இசட் ஸ்கோரை உருவாக்கினார். அவற்றில் பாதி திவாலானவை. பின்னர் தனியார் கம்பெனிகளுக்கென்று வந்த வடிவம் இது:

0.717 × (நடைமுறை மூலதனம் ÷ மொத்தச் சொத்து)
+ 0.847 × (சேர்த்துவைத்த லாபம் ÷ மொத்தச் சொத்து)
+ 3.107 × (வட்டி, வரிக்கு முந்தைய லாபம் ÷ மொத்தச் சொத்து)
+ 0.420 × (சொந்த மூலதனம் ÷ மொத்தக் கடன்பொறுப்பு)
+ 0.998 × (விற்பனை ÷ மொத்தச் சொத்து)

நம் மில்லின் மொத்தச் சொத்து 80 கோடி. நடைமுறை மூலதனம் (நடப்புச் சொத்தில் நடப்புக் கடன்பொறுப்பு போக மிச்சம்) 6 கோடி, சேர்த்துவைத்த லாபம் 16 கோடி, வட்டி, வரிக்கு முந்தைய லாபம் 9 கோடி. சொந்த மூலதனம் 24, கடன்பொறுப்பு 56. போட்டால் 2.00 வரும். 1.23-க்குக் கீழே ஆபத்து, 2.90-க்கு மேலே பாதுகாப்பு, நடுவில் இரண்டுங்கெட்டான். நம் மில் நடுவில்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த 2.00-இல் ஏறக்குறைய 1.25 விற்பனையிலிருந்து மட்டும் வந்தது. காசு வராத விற்பனையும் அதில் அடக்கம். படி 2-ஐ விட்டுவிட்டு ஸ்கோரை நம்பாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

படி 4: எதிர்பார்க்கும் இழப்பு

கடன் முறியும் வாய்ப்பு, முறிந்தால் கைவிட்டுப் போகும் பங்கு, அந்த நேரத்தில் நிலுவையில் இருக்கும் தொகை. மூன்றையும் பெருக்க வேண்டும். 4 சதவீதம் × 40 சதவீதம் × 50 கோடி = 80 லட்சம். இவை நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் வங்கியின் பழைய கணக்குகளில், இதே தரத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் முறிந்தார்கள் என்பதிலிருந்துதான் முதல் எண்ணை எடுக்க வேண்டும். வட்டி விகிதத்தில் இந்த 80 லட்சத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: கொடுத்த பிறகு

இந்தியாவில் தவணை 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். அதற்கு முன்பே 30, 60, 90 நாள் வரை என்று எஸ்எம்ஏ (தனியாகக் கண்காணிக்க வேண்டிய கணக்கு) 0, 1, 2 படிகளை ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. எஸ்எம்ஏ 0-விலேயே ஃபோன் போடுங்கள்.

சரி, இந்த மில்லுக்குக் கொடுக்கலாமா? நானாக இருந்தால் உடனே மறுக்க மாட்டேன். பாக்கிதாரர் பட்டியலை நாள்வாரியாகக் கேட்பேன். அந்த 18 கோடியில் பாதி ஒரே பெயரில் நின்றால், மில்லின் ஃபைலை மூடி வைத்துவிட்டு அந்தப் பெயருக்குரிய கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டை எடுத்து முதல் படியிலிருந்து ஆரம்பிப்பேன்.