ஆறு பேர் தங்கும் முதியோர் இல்லம்: உரிம ஆய்வை எதிர்கொள்ளும் முறை

கலிபோர்னியாவில் குடியிருப்புத் தெருவிலுள்ள ஒரு சாதாரண வீட்டிலேயே, ஆறு முதியோர் வரை தங்கவைத்துப் பராமரிக்க உரிமம் பெறலாம். உரிமம் தருவது மாநிலச் சமூகச் சேவைகள் துறையின் சமூகப் பராமரிப்பு உரிமப் பிரிவு. 2019 முதல் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதன் ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. எந்தக் காலையிலும் அழைப்புமணி ஒலிக்கலாம் என்பதால், கீழே சொல்பவற்றை வாரம் ஒரு முறை நீங்களே செய்து பார்ப்பது நல்லது.

படி 1: மருந்து அலமாரி

இங்கிருந்தே தொடங்குங்கள், என் அனுபவத்தில் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அலமாரி பூட்டியிருக்க வேண்டும். பிறகு ஒரு புட்டியை எடுத்து எண்ணுங்கள். முதல் தேதி 30 மாத்திரைகளுடன் தொடங்கி, நாளுக்கு ஒன்று வீதம் கொடுத்திருந்தால், 12ஆம் தேதி மாத்திரை கொடுத்த பின் புட்டியில் 18 இருக்க வேண்டும். 19 இருந்தால் ஒரு வேளை தவறியிருக்கிறது. ஆனால் பதிவேட்டில் பன்னிரண்டு கையெழுத்தும் இருக்கும். இரவு மாத்திரைக்கும் சேர்த்துக் காலையிலேயே கையெழுத்திடும் பழக்கம் ஊழியர்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். புட்டியின் சீட்டு, மருத்துவரின் உத்தரவு, எல்ஐசி 622 என்ற மருந்துப் பதிவுப் படிவம் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். நிறுத்தப்பட்ட மருந்தை அழிக்கும்போது, இல்லவாசி அல்லாத மற்றொரு பெரியவரும் உடனிருந்து கையெழுத்திட வேண்டும்.

படி 2: வீட்டைச் சுற்றி வருதல்

கையில் ஒரு வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள். முதியோர் பயன்படுத்தும் குழாய்களில் வெந்நீர் 105 முதல் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் வர வேண்டும். தண்ணீர்ச் சூடேற்றிக்கு அருகிலுள்ள குளியலறையையும் தொலைவிலுள்ள குளியலறையையும் தனித்தனியாக அளந்து பாருங்கள், ஏனெனில் ஒன்றில் சரியாக இருப்பது மற்றொன்றில் பிசகியிருக்கும். சமையலறைத் தொட்டியின் கீழே துப்புரவுத் திரவம் பூட்டப்படாமல் நிற்கிறதா என்பதையும் குனிந்து பார்த்துவிடுங்கள். உணவில், கெட்டுப்போகக்கூடியது இரண்டு நாளைக்கும் மற்றவை ஏழு நாளைக்கும் இருப்பில் இருக்க வேண்டும்.

படி 3: கோப்புகள்

ஒவ்வொரு முதியவருக்கும் மருத்துவர் அறிக்கையும் சேர்க்கை ஒப்பந்தமும், ஒவ்வொரு ஊழியருக்கும் முதலுதவிப் பயிற்சிச் சான்றும் கைரேகைச் சரிபார்ப்பு அனுமதியும் இருக்கட்டும். அந்த அனுமதி வருமுன் ஒருவரை வேலைக்கு அமர்த்தினால் நாளொன்றுக்கு 100 டாலர் அபராதம் விழும். ‘இரண்டு நாள் உதவிக்கு வந்த உறவுக்காரர்’ என்ற விளக்கம் எடுபடாது.

படி 4: ஆய்வாளர் வந்த பிறகு

எவரையும் ஒதுக்கி நிறுத்தாமல், இல்லவாசிகளிடமும் ஊழியர்களிடமும் அவர் தனியாகப் பேச விடுங்கள். உடனடி ஆபத்துள்ள குறை ‘ஏ’ வகை. திருத்தாவிட்டால் ஆபத்தாகக்கூடியது ‘பி’ வகை. புறப்படுமுன் அறிக்கையை விளக்கிக் கையெழுத்து கேட்பார். அது அறிக்கையைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துத்தான், மேல்முறையீட்டு உரிமை அதனால் போய்விடாது. குறையை எப்படிச் சரிசெய்வீர்கள் என்று சொல்லும் திருத்தத் திட்டத்தில் ‘இனிக் கவனமாக இருப்போம்’ என்று எழுதாதீர்கள். ‘தொட்டியின் கீழ் அலமாரிக்குப் பூட்டு போடப்படும், படம் அனுப்பப்படும்’ என எழுதி, குறித்த தேதிக்குள் படத்தை அனுப்பி, ஒரு பிரதியைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.