மணலுக்குள்ள சூடும் தண்ணியும் ஒரே வேகத்துல போகாது

போன வாரம் கொள்ளிடத்துல, புதுசா சேந்த ரெண்டு பேர் மணல்ல டெம்பரேச்சர் லாகர் (வெப்பநிலைய தானா பதிவு பண்ற கருவி) புதைச்சு ஆத்துத் தண்ணி எவ்ளோ வேகமா கீழ இறங்குதுன்னு கணக்கு போட்டுக் காட்டினாங்க. ஷீட்ட திறந்ததும் எனக்கு பக்குனு ஆயிடுச்சு, பல வருஷம் முன்னாடி நான் பண்ண அதே தப்பு, அதே இடத்துல. பேட்டரி செக் பண்ணல, சீரியல் நம்பர் குறிக்கல மாதிரி விஷயமெல்லாம் ஒரு தடவ பட்டா தானா வந்துடும், அத விட்டுடறேன். மத்த தப்புகள மட்டும் சொல்றேன்.

பகல்ல ஆத்துத் தண்ணி சூடாகும், ராத்திரி ஆறும். அந்த ஏத்த இறக்கம் மணலுக்குள்ளயும் இறங்கும். தண்ணி அசையாம நின்னாலும் கொஞ்சம் இறங்கும்தான், ஆனா ஈர மணல்ல சுமார் 14 செ.மீ. போறதுக்குள்ள மூணுல ஒரு பங்கா சுருங்கிடும். தண்ணி கீழ இறங்கினா அந்த அலையையும் இழுத்துட்டு இன்னும் ஆழமா போகும். இது புதுசு இல்ல, 1960லயே ஜப்பான்ல சுசுகி நெல் வயல்ல தண்ணி இறங்கறத மண்ணோட வெப்பநிலைய வச்சே கணக்கு பண்ணாரு.

மூணு வேகத்த ஒண்ணாக்கறது

லாகர் காட்டறது சூடு நகர்ற வேகம். தண்ணி நகர்ற வேகம் இல்ல!

தண்ணி மணல் இடுக்குல போகும்போது சுத்தி இருக்கற துகளையும் சூடாக்கிட்டுதான் போகணும், அதனால சூடு பின்தங்கிடும். 1 கன மீட்டர் தண்ணிய 1 டிகிரி ஏத்த சுமார் 4.2 மெகாஜூல் வேணும், 30% போரோசிட்டி (மொத்த கன அளவுல இடுக்கோட பங்கு) இருக்கற ஈர மணலுக்கு சுமார் 2.65 போதும், ரெண்டையும் வகுத்தா 1.58. அதாவது டார்சி ஃப்ளக்ஸ் (ஒரு சதுர மீட்டர் மணல் வழியா ஒரு நாள்ல போற தண்ணியோட கன அளவு) 1ன்னா சூடு 1.58 வேகத்துல போகும், இடுக்குல ஓடற நிஜத் தண்ணி 1ஐ 0.3ஆல வகுத்து 3.3 வேகத்துல போகும். சூட்ட விட தண்ணி ரெண்டு மடங்குக்கு மேல வேகம்.

எனக்கு அப்ப வந்த நம்பர் ஒரு நாளைக்கு 0.8 மீட்டர். இதுதான் தண்ணி வேகம்னு எடுத்துகிட்டேன், 0.3ஆல பெருக்கி ஃப்ளக்ஸ் 0.24ன்னு எழுதினேன், 8 மீட்டர் கீழ இருக்கற கலெக்டர் கிணத்துக் (ஆத்து மணலுக்கு அடியில படுக்கையா குழாய் போட்டு தண்ணி எடுக்கற கிணறு) குழாய்க்கு ஆத்துத் தண்ணி போய்ச் சேர 10 நாள் ஆகும்னு ரிப்போர்ட்டும் குடுத்துட்டேன். சரியான கணக்கு 0.8ஐ 1.58ஆல வகுக்கறது, ஃப்ளக்ஸ் சுமார் 0.5, தண்ணி வேகம் 1.7, குழாய்க்கு 5 நாள் கூட ஆகாது. முக்கொம்பு அணைல இருந்து உபரித் தண்ணி திறந்தப்ப கிணத்துல ஈசி (EC, தண்ணில உப்பு எவ்ளோன்னு காட்டற மின்கடத்தல் அளவு) அஞ்சாவது நாளே இறங்க ஆரம்பிச்சுது, அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. மணல்ல எத்தன நாள் தங்குதுங்கறத வச்சுதான் கிருமி எவ்ளோ சாகும்னு பாக்கறாங்க, ஜனங்க குடிக்கற தண்ணி அது, அதுல நான் பாதிக்குப் பாதி தப்பா சொல்லியிருக்கேன். இன்னைக்கும் நெனச்சா ஆத்திரமா வருது.

அதனால சாஃப்ட்வேர் குடுக்கற ஒவ்வொரு காலமும் (column) எந்த வேகம்னு மேனுவல்ல பாத்துட்டு, தலைப்புலயே "சூடு", "ஃப்ளக்ஸ்", "தண்ணி"ன்னு எழுதி வைங்க. வெறும் "வேகம்"னு எழுதாதீங்க.

இரும்பு பைப்

லாகர வச்சு புதைக்க இது வேணாம். மணல விட அது வேகமா சூட்ட கடத்தும்.

லாகர் கடிகாரம்

ரெண்டு ஆழத்துக்கும் நடுவுல உச்சி வர்ற நேர வித்தியாசத்த வச்சு கணக்கு போடறவங்க புதைக்கறதுக்கு முன்னாடியும் எடுத்த பிறகும் நேரத்த ஒப்பிடுங்க, 10 செ.மீ. இடைவெளில வித்தியாசமே ரெண்டு மணி நேரம் சொச்சம்தான் வருதுன்னா அதுல 10 நிமிஷம் பிசகினாலே தப்பு கூடிடும். இன்னொண்ணு, நேர வித்தியாசம் தண்ணி மேல வருதா கீழ போகுதான்னு சொல்லாது. அதுக்கு அலையோட உயரம் எவ்ளோ கொறைஞ்சுதுன்னு பாக்கணும்.

வெள்ளத்துக்கு அப்புறம் ஆழம்

சென்சார் எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு மறுபடி அளங்க. மணல் அடிச்சுட்டு போயிருக்கும், இல்ல மேல ஏறியிருக்கும்.

நேர் கோடு வந்தா ஓட்டமே இல்லன்னு எழுதறது

கீழருந்து தண்ணி வேகமா மேல வர்ற இடத்துல பகல் ராத்திரி அலை சில செ.மீ.லயே அடங்கிடும், 20 செ.மீ.ல இருக்கற சென்சார் நாள் முழுக்க நிலத்தடி நீரோட வெப்பநிலையவே காட்டும். அந்த ரெண்டு பேரும் கரையோரத்துல ஒரு பாயிண்ட்ட "டெட்"னு அடிச்சு விட்டிருந்தாங்க. அங்க 3 செ.மீ., 6 செ.மீ.ல இன்னும் ரெண்டு சென்சார் வைக்கச் சொல்லியிருக்கேன்.