பணம் அனுப்பப் போகிறீர்களா? முதலில் வைஃபையை அணையுங்கள்

காபிக் கடையோ ரயில் நிலையமோ, வெளியிடத்தில் வங்கி வேலை வந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுங்கள். பணம் அனுப்ப ஆகும் டேட்டா ரொம்பக் கொஞ்சம்தான்.

சிம் கார்டுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதன் நகல் நெட்வொர்க் நிறுவனத்திடம் மட்டுமே உண்டு. 3ஜி முதல், நெட்வொர்க் போனைச் சோதிப்பதுபோல போனும் நெட்வொர்க்கைச் சோதித்துப் பார்க்கிறது. பொது வைஃபையில் இதெல்லாம் கிடையாது. கடையின் பெயரையே வைத்துப் பக்கத்து மேசைக்காரர் ஒரு ஹாட்ஸ்பாட் திறந்தால் போனுக்கு வித்தியாசம் தெரியாது. முன்பு இணைந்த திறந்த வைஃபையின் பெயர் என்றால் கேட்காமலே போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் தானாக இணையும் வசதியை நிறுத்திவைப்பது நல்லது. சுவரில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருக்கிறதே என்றால், அது ஊருக்கே சாவி கொடுத்த பூட்டு.

வங்கி ஆப்கள் தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்துதான் அனுப்புகின்றன, அதனால் பீதி வேண்டாம். எனக்குப் பெரிய பயம், இணைந்ததும் வந்து நிற்கும் போலி லாகின் பக்கம்தான். அதில் வங்கி ஓடிபி, கார்டு எண் கேட்டால் உடனே வெளியேறுங்கள்.

அப்புறம், மொபைல் நெட்வொர்க்கிலும் ஓர் ஓட்டை உண்டு: பழைய 2ஜி. அதில் போன் டவரைச் சோதிக்காது, போலி டவரையும் நம்பிவிடும். ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில், சிம் செட்டிங்ஸில் 2ஜியை அணைக்கலாம். உங்கள் ஊரில் 2ஜி சிக்னல் மட்டும்தான் என்றால் தொடாதீர்கள், அழைப்பே வராது.